பாலக்கோடு போர்வெல் தண்ணீர்: சாஃப்ட்னருக்கு எந்த உப்பு?

நண்பரே, கல்லுப்பு மூட்டை வாங்கிப் போட்டதிலிருந்து, கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் மெஷினின் உப்புத் தொட்டி அடியில் சேறு தங்குகிறது, தண்ணீரிலும் சோப்பு நுரைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மெஷினைக் கழற்றும் முன் உப்பை மாற்றிப் பாருங்கள்.

பாத்தியில் வாரிய கல்லுப்போடு மண்ணும் கொஞ்சம் கால்சியம், மெக்னீசியமும் ஒட்டிக்கொண்டு வரும். மழைக்காலத்தில் உப்பு நீர்த்துக் கசிவது பெரும்பாலும் அந்த மெக்னீசியத்தால்தான். தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியம், மெக்னீசியத்தை சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகள் பிடித்துக்கொள்ளும், உப்புநீர்தான் அவற்றைக் கழுவி வெளியேற்றும். அந்த மணிகளிலிருந்து எதை வெளியேற்ற வேண்டுமோ, அதையே திரும்ப ஊற்றினால் எப்படி? பாக்கெட் தூளுப்பும் வேண்டாம், தொட்டிக்குள் இறுகிக் கட்டிதட்டிவிடும். சாஃப்ட்னருக்கென்றே விற்கும் மாத்திரை உப்பு வாங்குங்கள்.

அது கிடைக்கும்வரை கல்லுப்பைத் தனி வாளியில் கரைத்து, ஒரு ராத்திரி தெளியவிட்டு, வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றலாம். மண் நீங்கும், மெக்னீசியம் நீங்காது. 10 லிட்டர் தண்ணீரில் சுமார் 3.5 கிலோ கரையும். சுடுதண்ணீர் ஊற்றினாலும் அதற்குமேல் பெரிதாகக் கரையாது, கேஸை வீணாக்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இந்த போர்வெல் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுக்கிறீர்களா? நம் தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. பல்லில் காவிக்கறை படிவது அதனால்தான். சாஃப்ட்னர் ஃப்ளோரைடை எடுக்கவே எடுக்காது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பிடித்து வையுங்கள். சாஃப்ட்னர் வெளியேற்றும் கழிவு உப்புநீரைத் தென்னைக்கு விடாதீர்கள், மண் கெட்டுவிடும்.