கனடாவிலிருந்து எந்தக் கத்தியைக் கொண்டு வரச் சொல்வது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டு வந்த கம்மாலைக் கத்தி முப்பது வருடமாக நன்றாக வெட்டுகிறது. ஆனால் இரவு கழுவி அப்படியே வைத்தால் விடியும்போது கறள். புறக்கோட்டையில் வாங்கிய சில்வர் கத்தியில் கறளே இல்லை, ஆனால் இரண்டு கிழமையில் மழுங்கி விடுகிறது. டிசம்பரில் கனடாவிலிருந்து வரும் மகன் நல்ல கத்தி ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லி 1.4116, விஜி-10, எஸ்30வி, மெக்னாகட் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். எதைச் சொல்வது?”

இவை நான்கும் கத்தி செய்யும் உருக்கு வகைகளின் பெயர்கள். 1.4116 என்று சொல்லுங்கள். பட்டியலில் பெரும்பாலும் விலை குறைந்தது அதுவாகத்தான் இருக்கும். விலைக்காக அதைச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் கல்லில் நீங்களே தீட்டக்கூடிய உருக்கு அது. மற்ற மூன்றும் மோசமானவை இல்லை, அவற்றுக்கு வேறு வகைக் கவனிப்பு வேண்டும்.

அம்மாவின் கத்தியிலிருந்து தொடங்குவோம். நம்முடைய கம்மாலைகளில் பெரும்பாலும் லொறி வில்லுத் தகட்டைத்தான் அடித்துக் கத்தி செய்வார்கள். அதில் ஏறத்தாழ 0.6 சதவீதம் காபன் இருக்கும். உருக்குக்குக் கடினத்தைக் கொடுப்பது காபன்தான். கத்தியைச் செந்தணலாகக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துத் துவைச்சல் போடும்போது காபன் இரும்புக்குள்ளேயே சிறைப்பட்டு அலகு இறுகிவிடும். பிறகு மெல்லிய சூட்டில் பதப்படுத்தினால் உடையாத தன்மையும் வரும். நல்ல கொல்லர் இதைத் தணலின் நிறம் பார்த்தே செய்து முடிப்பார். இந்தத் தீவில் இது பழைய அறிவு. சமனலவெவ மலைச்சரிவுகளில், பருவக் காற்றின் வேகத்திலேயே உலை எரித்து உயர்காபன் உருக்கு எடுத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடங்களுக்கும் மேல் பழைமையான அந்த உலைகளைப் பற்றிய ஆய்வை ஜில் ஜூலெஃப் 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அதைப் படித்த நாளிலிருந்து கம்மாலைக் கத்தியை நான் சாதாரணமாகப் பார்ப்பதில்லை.

அம்மாவின் கத்தி உருக்கில் போதிய அளவு இல்லாதது குரோமியம். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய் தேய்ந்து போகாமல் இருக்க ஓர் உருக்கைத் தேடிக்கொண்டிருந்தார். 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் காபனும் கலந்து உருக்கிய ஒன்று துருவைத் தாங்குவதைக் கண்டார். இது துப்பாக்கியை விடக் கத்திக்கல்லவா பொருந்தும் என்று அவருக்குத் தோன்றியது. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுத் தோல் ஒன்றை உருக்கின் மேல் போர்த்திவிடும். கீறினாலும் அந்தத் தோல் தானாகவே வளர்ந்துவிடும்.

ஆனால் அந்த ஊர்க் கத்திக்காரர்கள் முதலில் செய்து பார்த்தவை வெட்டவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லியைக் கேலிகூடச் செய்தார்கள். புதிய உருக்குக்கும் பழைய சூட்டையே கொடுத்ததுதான் கோளாறு. வில்லுத் தகட்டுக்கு 850 பாகை செல்சியஸ் அளவு போதும். குரோமிய உருக்குக்கு 1000 பாகைக்கு மேல் ஏற்றி, அந்தச் சூட்டிலேயே சிறிது நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். அப்போதுதான் குரோமியத்தோடு கட்டுண்டு கிடக்கும் காபன் கரைந்து வேலைக்கு வரும். கம்மாலை உலையில் ஸ்டெயின்லெஸ் கத்தி சரியாக அமையாததற்கும் இதுதான் காரணம். கொல்லரின் கைத்திறனில் குறை எதுவும் இல்லை.

புறக்கோட்டையில் நீங்கள் வாங்கிய கத்தியும் ஏறக்குறைய பிரியர்லியின் கத்திதான். அலகில் உருக்கின் பெயர் இல்லாத மலிவுக் கத்திகள் பெரும்பாலும் 420 வகை. காபன் குறைவு, துவைச்சலும் அரைகுறை. இரண்டு கிழமையில் கத்தி மழுங்குகிறது என்றால் வாய் தேய்ந்து போயிருக்காது. மிருதுவான உருக்கு என்பதால் வாய் ஒரு பக்கமாக மடங்கியிருக்கும். (பீங்கான் தட்டிலோ கண்ணாடிப் பலகையிலோ வைத்து வெட்டினால் எந்த உருக்கும் இப்படித்தான் ஆகும். மரப்பலகை வாங்குங்கள்.)

அப்படியானால் காபனைக் கூட்டிக்கொண்டே போகலாமே? கூட்டினார்கள். 440சி என்ற உருக்கில் காபன் 1 சதவீதம், குரோமியம் 17. ஜெட் இயந்திர பெயரிங்குகளுக்காக உருவான 154சிஎம் என்ற உருக்கை அமெரிக்கக் கத்திக் கலைஞர் பொப் லவ்லெஸ் 1970களில் கத்திக்குக் கொண்டு வந்தார். ஆனால் மிஞ்சிய காபன் சும்மா இருக்காது. குரோமியத்தைப் பிடித்துக் காபைட்டு என்னும் கடினமான மணிகளாகத் திரளும். தேய்மானத்தை அவை தாங்கும், ஆனால் பெரிதாகிவிட்டால் கத்தியின் வாய் அந்த இடத்தில் பெயரும். காபைட்டுக்குள் போன குரோமியமும் கறளைத் தடுக்க உதவாது. டி2 உருக்கில் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் கறள் பிடிப்பது இதனால்தான்.

1970ஐ ஒட்டி அமெரிக்காவிலும் சுவீடனிலும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். உருகிய உருக்கை வாயுவால் சிதறடித்துத் தூளாக்கினார்கள். ஒவ்வொரு துளியும் நொடிக்குள் உறைவதால் காபைட்டு மணிகள் பெரிதாக நேரம் இல்லை. பிறகு அந்தத் தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக்கினார்கள். உங்கள் பட்டியலிலுள்ள எஸ்30வி இப்படிப் பிறந்தது. 2001இல் கத்திக்கென்றே வடிவமைத்த உருக்கு, 4 சதவீதம் வனேடியம் என்ற உலோகம் கலந்தது. 2021இல் வந்த மெக்னாகட்டை வடிவமைத்தவர் லரின் தோமஸ் என்ற உலோகவியலாளர். துவைச்சலுக்குப் பிறகு குரோமியக் காபைட்டே மிஞ்சாதபடி கலவையைக் கணக்கிட்டார். அதனால் குரோமியம் வெறும் 10.7 சதவீதம்தான் என்றாலும் கறளை நன்றாகத் தாங்குகிறது. இந்த நூறு வருட வேலையில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்.

அப்புறம் ஏன் அதைச் சொல்லவில்லை? தீட்டுகிற சிரமம்தான். வனேடியக் காபைட்டு, சாதாரணத் தீட்டுக்கல்லில் உள்ள அலுமினியம் ஒட்சைட்டை விடக் கடினம். வைரத் தூள் பதித்த கல் இல்லாமல் இவற்றைத் தீட்டுவது பெரும்பாடு. வீதியில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் இன்னும் ஆபத்து. எனக்கே நடந்திருக்கிறது. நல்ல கத்தி ஒன்றைச் சக்கரச் சாணையில் பிடிக்கக் கொடுத்தேன், நுனி நீலமாகித் திரும்பி வந்தது. நீலம் என்றால் சூடு குறைந்தது 300 பாகை வரை போய்ப் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடம் பிறகு கூர் நிற்கவே இல்லை.

ஜப்பானின் விஜி-10 அருமையான உருக்கு. உருக்கு எவ்வளவு இறுகியது என்று காட்டும் ரொக்வெல் கடினம் 60 அளவில் இருக்கும், அலகும் மெல்லிசு. வெங்காயத்தையும் மீன் சதையையும் வெண்ணெய் போல அரியும். ஆனால் பாரை மீன் தலையில் ஒரு போடு போட்டால் வாய் தெறிக்கும். நம் வீடுகளில் ஒரே கத்திதான் எல்லாவற்றுக்கும் ஓடும், அதனால் வேண்டாம் என்கிறேன்.

1.4116 என்பது ஜேர்மன் சமையலறைக் கத்திகளில் வழக்கமான உருக்கு. காபன் 0.5, குரோமியம் 15 சதவீதம். கடினம் 55 முதல் 57 வரை. அடி பட்டால் தெறிக்காமல் மடங்கும், மடங்கியதைக் கல்லில் நாலு இழுப்பில் நிமிர்த்தலாம். கொஞ்சம் மொலிப்டினமும் உண்டு. காலி வீதிக்குக் கடல் பக்கம் இருப்பவர்களுக்கு அது முக்கியம், ஏனென்றால் உப்புக் காற்று ஒட்சைட்டுத் தோலைத் துளைத்துப் புள்ளிப் புள்ளியாக அரிப்பதை அது குறைக்கும். இன்னும் கொஞ்சம் நேரம் கூர் நிற்க வேண்டுமானால் சுவீடனின் 14சி28என் உருக்கில் கிடைக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். நைதரசன் சேர்த்த உருக்கு, அதுவும் சுலபமாகத் தீட்டுப்படும்.

கல்லுக்குக் கனடா போக வேண்டாம். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் இரு பக்கக் காபொரண்டம் கல் கிடைக்கும். தண்ணீர் தெளித்து, கத்தியை ஏறத்தாழ 20 பாகை சாய்த்து, இரு பக்கமும் ஒரே அளவு இழுங்கள். மாதம் ஒரு முறை போதும்.

அம்மாவின் கத்தியை எறிந்துவிடாதீர்கள். தேசிக்காயும் மாங்காயும் வெட்டும்போது வரும் கறுப்பு வேறு, கறள் வேறு. கறுப்பு ஓரளவு காவல், அதை உரஞ்ச வேண்டாம். சிவப்பாக வருவதுதான் கறள். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவிக் காய்ந்த இடத்தில் வையுங்கள். மீன் தலை, பிலாக்காய், எலும்பு எல்லாம் அதற்கே விடுங்கள்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: கத்தியைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். அலகைத் தடித்த அட்டையில் சுற்றி, சரக்கில் போகும் பெட்டிக்குள் வைக்கட்டும்.