‘பாஸ் கேரண்டி’ டியூஷனுக்கு 40,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். மகன் பி.யூ.சி.யில் (பிளஸ் டூ) 92 சதவீதம் எடுத்து, சி.இ.டி. நுழைவுத் தேர்வு மூலம் கனகபுரா ரோட்டில் ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்திருக்கிறான். வி.டி.யு. (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) கல்லூரி, 2022 ஸ்கீம் (பாடத்திட்டம்), அட்டானமஸ் (தன்னாட்சி) இல்லை. டெங்கு வந்து இரண்டு வாரம் போகவில்லை. திரும்பிப் போனதும் எழுதிய முதல் இன்டர்னல் டெஸ்டில் கணக்கில் 25க்கு 6. ‘எனக்கு இன்ஜினியரிங் வராது, நிறுத்திவிடுகிறேன்’ என்கிறான். ராஜாஜிநகரில் ஒரு டியூஷன் சென்டரில் 40,000 ரூபாய் கட்டினால் பாஸ் கேரண்டி, பல்கலைக்கழகத் தலைமையகம் இருக்கும் பெலகாவியில் ஆள் இருக்கிறார் என்கிறார்கள். கட்டலாமா? இந்த வருஷம் வீணாகிவிடுமா? - ஓர் அம்மா

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஒரு பாடத்தில் தோற்றால் வருஷம் போய்விடாது. அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுதிக்கொள்ளலாம். படிப்பை நிறுத்தும் பேச்சை முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும்வரை தள்ளிப்போடுங்கள்.

உங்கள் மகனின் 2022 ஸ்கீமில் மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் 100 மார்க். அதில் 50 கல்லூரி போடுவது, இன்டர்னல். மீதி 50 பல்கலைக்கழகப் பரீட்சை. அதை 100க்கு நடத்திப் பாதியாக்குவார்கள். இன்டர்னலில் குறைந்தது 20, பரீட்சையில் 100க்கு 35, இரண்டும் சேர்த்து 40 வேண்டும். இங்கே பையன்கள் ஏமாறுவது ஒன்று உண்டு: இன்டர்னலில் 20, பரீட்சையில் 35 என்று இரண்டு கோட்டையும் தொட்டு நின்றால், அந்த 35 பாதியாகி 18 ஆகும், மொத்தம் 38தான் வரும், ஃபெயில்.

இன்டர்னலில் 20 வராவிட்டால் அந்தப் பாடத்தின் பரீட்சையையே எழுத முடியாது. பாடத்தை மறுபடி பதிவு செய்ய வேண்டும். இப்போது யோசியுங்கள். இன்டர்னல் போடுவது கல்லூரி. ராஜாஜிநகர் டியூஷன்காரரால் அதில் அரை மார்க்கூட ஏற்ற முடியாது. அப்படியிருக்க எதற்கு கேரண்டி கொடுக்கிறார்? செமஸ்டர் கடைசியில் அவர்கள் கொடுக்கும் ‘முக்கியமான கேள்விகள்’ புத்தகம் பெரும்பாலும் பழைய கேள்வித்தாள்களின் ஜெராக்ஸ்தான். கல்லூரி லைப்ரரியில் கேட்டால் அது சும்மாவே கிடைக்கும். பையன் ஃபெயிலானால் ‘உங்கள் பையன் ஒழுங்காக வரவில்லை’ என்பார்கள், பணம் திரும்பாது. பெலகாவி ஆள் விஷயம் அதைவிட மோசம். ரிசல்ட்டில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் பல்கலைக்கழகமே வழி வைத்திருக்கிறது. அதற்குரிய கட்டணத்துக்கு மேல் யார் ரொக்கம் கேட்டாலும் மோசடி. விஷயம் வெளியே வந்தால் மாட்டிக்கொள்வது உங்கள் பையன், அந்த ஆள் அல்ல.

25க்கு 6 என்பது ஒரு டெஸ்ட். இன்னும் டெஸ்டும் அசைன்மென்ட்டுகளும் பாக்கி இருக்கின்றன. கணக்குப் பாடத்தின் முதல் மாட்யூல் (பகுதி) போலார் கர்வ்ஸ், ரேடியஸ் ஆஃப் கர்வேச்சர். பி.யூ.சி.யில் பார்க்காத சமாச்சாரம், அதை நடத்தும்போது பையன் படுக்கையில் இருந்திருக்கிறான். அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். பரீட்சையில் ஐந்து மாட்யூல், ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி, ஏதாவது ஒன்றை எழுதினால் 20 மார்க். கடைசி மாட்யூல் மேட்ரிக்ஸ் கணக்குகள்: ரேங்க், காஸ் எலிமினேஷன். முதல் மாட்யூல் தெரியாமலே அதைப் படிக்கலாம், பி.யூ.சி. மேட்ரிக்ஸ் கைகொடுக்கும். அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நாலு கணக்கு தானாகப் போட வந்துவிட்டால் ‘எனக்கு வராது’ என்பது குறையும்.

92 எடுத்த பிள்ளைக்கு இப்படி ஆவது அதிசயமே இல்லை. சேர்க்கை ரவுண்டு ரவுண்டாக இழுத்துக்கொண்டே போகிறது, கடைசி ரவுண்டில் சேர்ந்தவனும் முதல் நாள் வந்தவனும் ஒரே தேதியில் டெஸ்ட் எழுதுகிறார்கள். புது மாணவர்கள் பழகிக்கொள்ள மூன்று வார அறிமுக வகுப்பு வேண்டும் என்று ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) சொல்கிறது. பல கல்லூரிகளில் அது சில நாள் மேடைப் பேச்சோடு முடிகிறது. அப்புறம் மென்டார் என்று ஒரு ஆசிரியரை ஒதுக்குவார்கள், அவரிடம் கையெழுத்து வாங்க ஒரு நோட்டும் இருக்கும். பையன் என்ன ஆனான் என்று அந்த நோட்டு கேட்காது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்த இரண்டு வாரம். வருகை 85 சதவீதம் வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் 10 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு, பிரின்சிபால் சிபாரிசு செய்ய வேண்டும். 75க்குக் கீழே போனால் அதுவும் கிடையாது. வருகையைப் பாடவாரியாகத்தான் பார்ப்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை நடக்கும் லேபில் இரண்டு வாரம் போனால் இரண்டே வகுப்புதான், ஆனால் மொத்த வகுப்பே குறைவு என்பதால் சதவீதம் சடாரென்று இறங்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டிலேயே பார்த்திருந்தால் டாக்டர் சீட்டும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும். நகல் எடுத்து, பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் எழுதி, ஆபீசில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். இந்த வாரமே கொடுங்கள். செமஸ்டர் கடைசியில் கொடுத்தால் நிஜமான ரிப்போர்ட்டையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் அந்தச் சமயத்தில் காசுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் விற்கிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். குறைகிற நாலு நாளுக்கென்று அவர்களிடம் ஒன்று வாங்கிச் சேர்க்காதீர்கள், உண்மையானதும் சேர்ந்து கெட்டுப்போகும். டெஸ்டையே தவறவிட்டிருந்தால் மறு டெஸ்ட் கேட்டுப் பார்க்கலாம். அவன் உட்கார்ந்து எழுதிவிட்டதால் அது கிடைப்பது கஷ்டம்.

கல்லூரிக்கு நீங்களே ஒருமுறை போய்வாருங்கள், ஸ்ரீராமபுரத்திலிருந்து பச்சை மெட்ரோவில் நேராகப் போகலாம். மென்டாரிடம் பாடவாரியாக இன்றைய வருகை எவ்வளவு, ஒவ்வொரு பாடத்திலும் இன்டர்னல் 20 தொட இன்னும் எவ்வளவு வேண்டும், தவறிப்போன லேபை எப்போது செய்யலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு ஆசிரியரையும் பாருங்கள். டியூஷன் கட்டாயம் வேண்டும் என்று பையனே கேட்டால், அதே கல்லூரியில் போன வருஷம் அந்தப் பாடத்தை நன்றாக எழுதிய சீனியர் ஒருவரைப் பிடியுங்கள், மாதாமாதம் கொடுக்கிற மாதிரி. மொத்தமாக முன்பணம் வேண்டாம்.

பையன் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் மார்க் விஷயம் அப்புறம். 14416க்கு போன் செய்யுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.