வலியை அறியச் சான்று வேண்டுமா?

கேள்வி: ‘எனக்கு வலிக்கிறது’ என்பதை அறிய எந்தச் சான்றும் தேவையில்லை என்றும், அத்தகைய அறிவே பிற நம்பிக்கைகளுக்கெல்லாம் அடித்தளம் என்றும் இஸ்லாமிய மெய்யியலாளர்கள் கூறுவதாகப் படித்தேன். சான்றே இல்லாத ஒன்று மற்றவற்றுக்கு எவ்வாறு சான்றாகும்?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது அரபியில் ‘இல்முல் ஹுளூரி’ எனப்படும் முன்னிலை அறிவு. (இலக்கணத்தில் முன்னிலை என்பது கேட்பவரைக் குறிக்கும், இங்கே, அறியப்படுவது அறிபவர் முன் தானாகவே நிற்பதைக் குறிக்கிறது.) மரத்தை அறியும்போது மனத்துக்குள் வருவது மரமன்று, அதன் உருவம்; ஆகவே இரண்டும் பொருந்துகின்றனவா என்ற ஐயம் எழுகிறது. இது ‘இல்முல் ஹுஸூலி’, அதாவது ஈட்டிய அறிவு. வலியை அறியும்போதோ இடையில் உருவம் எதுவுமில்லை.

1191இல் சிரியாவின் அலெப்போவில் கொல்லப்பட்ட மெய்யியலாளர் சுஹ்ரவர்தி இதைத் தன்னறிவைக் கொண்டு நிறுவினார். என்னை நான் ஓர் உருவத்தின் வழியாக அறிவதானால், அவ்வுருவம் எனக்கு ‘அது’வாக இருக்குமேயன்றி ‘நான்’ ஆகாது; நம் இலக்கணச் சொற்களில் சொன்னால், படர்க்கை தன்மையாகாது. மேலும், அது என் உருவம்தான் என்று கண்டுகொள்வதற்கே என்னை நான் முன்னரே அறிந்திருக்க வேண்டும். புலனுணர்வு ஏதுமின்றி வெளியில் மிதக்கும் மனிதனும் தன் இருப்பை அறிவான் என்ற, அவருக்கு முந்தைய மெய்யியலாளர் இப்னு சீனாவின் (980–1037) கற்பனைச் சோதனையைவிட இந்த வாதமே வலுவானது என்பேன். அம்மனிதன் தன் இருப்பை ஏன் அறிவான் என்பதற்கும் சுஹ்ரவர்தியின் வாதத்தில் விடை இருக்கிறது.

உங்கள் கேள்வி இதற்கு அடுத்த படியில்தான் உறைக்கிறது. உண்மை, பொய் என்பவை உருவத்துக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள பொருத்தத்தைப் பற்றியவை. இடைவெளியே இல்லாத இடத்தில் பிழை நேராது. அதனாலேயே அங்கு நிறுவ வேண்டிய நம்பிக்கை என்றும் ஒன்றில்லை. ‘எனக்கு வலிக்கிறது’ என்று மனம் சொல்லாக்கும்போதுதான் நம்பிக்கை பிறக்கிறது. அச்சொல்லாக்கமோ ஈட்டிய அறிவைச் சேர்ந்தது. அந்தக் கூற்று, வலி ஆகிய இரண்டுமே மனத்துக்கு முன்னிலையாக இருப்பதால் அவற்றின் பொருத்தத்தை மனம் நேரடியாகவே காண்கிறது என்பது, அண்மைக்கால ஈரானிய மெய்யியலாளர் மிஸ்பாஹ் யஸ்தி தந்த விடை. முன்னிலை அறிவு மற்றவற்றுக்குச் சான்றாவது இந்த ஒப்பீட்டின் வழியாகத்தான்.

இவ்விடையை நான் ஏற்கிறேன், ஆனால் அதன் எல்லை மிகக் குறுகியது. கால் துண்டிக்கப்பட்டவர் அக்காலில் வலியை உணர்வதுண்டு. அவர் உணரும் வலி மெய், ‘என் கால் வலிக்கிறது’ என்னும் கூற்று பிழை. உணர்ந்ததற்கு மேல் ஒரு சொல் கூடியதுமே, அந்தக் கூடுதலுக்கு வேறு சான்று தேட வேண்டியிருக்கிறது.