குழந்தைகள் தீவிர சிகிச்சை ஆய்வு: யாருக்காக, எங்கே? – கேள்வி பதில்

மருத்துவ மாணவர்: குழந்தையின் உடம்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதானே டாக்டர்? ஆய்வு எங்கே நடந்தால் என்ன?

உடம்பு ஒன்றுதான், ஆனால் வரும் நோயும் வார்டில் இருக்கும் வசதியும் வேறு. கடும் காய்ச்சலில் ரத்த ஓட்டம் குன்றிய குழந்தைக்கு ட்ரிப்ஸை வேகமாக ஏற்றுவது பணக்கார நாடுகளில் வழக்கம். ஃபீஸ்ட் என்ற ஆய்வு கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதைச் சோதித்தது. 2011-ல் முடிவு வந்தது. வேகமாக ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் 10.5 சதவீதம் பேர் இறந்தார்கள், ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். பலருக்கு மலேரியாவும் கடும் ரத்தசோகையும் இருந்தன. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவும் இல்லை. அங்கேயே ஆய்வு நடந்திராவிட்டால், நல்லது என்று நம்பியே ட்ரிப்ஸை ஏற்றிக்கொண்டிருப்போம். அதை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

செவிலியர்: அப்படியென்றால் விலை குறைந்த கருவிகளைக் கொடுத்தால் போதுமா?

போதாது. டாக்காவில் ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, குழந்தை மூச்சுவிடும் குழாயின் முனையை அதில் அமிழ்த்தினார்கள். அந்தத் தண்ணீரின் அழுத்தம் நுரையீரலை விரிந்தபடி வைத்திருக்கும். கடும் நிமோனியாவில் அது சாதாரண ஆக்சிஜனைவிட நன்றாக வேலை செய்தது என்று 2015-ல் வெளியிட்டார்கள். ஆனால் மலாவியில், மருத்துவர் தினமும் வந்து பார்க்க வழியில்லாத மாவட்ட மருத்துவமனையில், இதே வகைச் சிகிச்சை பெற்ற குழந்தைகள்தான் அதிகம் இறந்தார்கள். அந்த முடிவு 2019-ல் வந்தது. கருவியோடு கவனிக்க ஆளும் வேண்டும்.

பெற்றோர் ஒருவர்: ஏழை நாடுகளில் ஆய்வு ஏன் குறைவு?

2022-ல் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் சுமார் 49 லட்சம். பாதிக்கு மேல் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில். ஆய்வுப் பணமோ வேறு கண்டங்களில் இருக்கிறது. எதை ஆராய்வது என்ற முடிவும் அங்கேதான். வார்டில் இரவு பகலாக உழைப்பவருக்கு ஆய்வுக்கென்று ஒரு மணி நேரம்கூட ஒதுக்கித் தருவதில்லை. அவர் திரட்டிய தகவலை வெளியூர்க் குழு எடுத்துப்போய், கட்டுரையில் அவர் பெயரைக் கடைசியில் போடுவது சுரண்டல். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

மாணவர்: ஏதாவது மாறியிருக்கிறதா?

கொஞ்சம். 2024-ல் வந்த ஃபீனிக்ஸ் வரையறை, தொற்று முற்றி உறுப்புகள் பழுதாகும் செப்சிஸ் என்ற நிலையைக் குழந்தைகளிடம் அடையாளம் காண, அமெரிக்காவோடு வங்கதேசம், கொலம்பியா, சீனா, கென்யா தரவுகளையும் சேர்த்துக்கொண்டது. ஆப்பிரிக்கா முழுவதற்கும் கென்யா மட்டும்தான்.

செவிலியர்: ஒரு ஆய்வு எங்கள் வார்டுக்குப் பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது?

முடிவுக்கு முன்னால் ஆய்வு முறைப் பகுதியைப் படியுங்கள். இரவில் எத்தனை குழந்தைக்கு ஒரு செவிலியர்? ரத்தம் எவ்வளவு நேரத்தில் கிடைத்தது? நிலைமை மோசமானால் வென்டிலேட்டர் இருந்ததா? அதெல்லாம் எழுதவில்லை என்றால், ஆய்வாளருக்கே மெயில் அனுப்பிக் கேளுங்கள்.