ஒரு ஒயரா, இரண்டு ஒயரா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டார். இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்துடிப்பு இறங்கவில்லை, பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். சிங்கிள் சேம்பரா (கீழ் அறைக்கு மட்டும் ஒரு ஒயர்), டூயல் சேம்பரா (மேல், கீழ் அறைகளுக்கு இரண்டு ஒயர்) என்பதை எங்களிடமே விட்டுவிட்டார் டாக்டர். விலை கூடினதை வைத்தால் ஆயுளும் கூடும் என்கிறான் தம்பி. அப்படியா?

பதில்: இல்லை. உங்கள் அப்பாவைப் போலவே 70 வயதைத் தொட்ட, மின்துடிப்பு இறங்காத இதே அடைப்பு உள்ள 2,021 பேரை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது, 2005-இல் முடிவு வெளியானது. பாதிப் பேருக்கு ஒரு ஒயர், மீதிப் பேருக்கு இரண்டு. இறந்தவர்களின் அளவு இரண்டு பக்கமும் வருடத்துக்கு 7 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. இரண்டு ஒயர் வைக்கும்போது சிகிச்சைச் சிக்கல்கள் கொஞ்சம் கூடுதலாகவும் வந்தன. (இது மின்சார அடைப்பு, ரத்தக்குழாய் அடைப்பு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஸ்டென்ட் வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

அப்புறம் எதற்கு இரண்டாவது ஒயர் என்று கேட்பீர்கள். ஒரே ஒயர் கீழ் அறையை மட்டும் துடிக்க வைக்கும், மேல் அறை என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது. சில நேரம் கீழ் அறை சுருங்கி வால்வு மூடியிருக்கும்போதே மேல் அறையும் சுருங்கும், போக வழியில்லாத ரத்தம் பின்னோக்கித் தள்ளப்படும். 'கழுத்தில் ஏதோ அடித்துக்கொள்கிறது, அசதியாக இருக்கிறது, நடந்தால் மூச்சு வாங்குகிறது' என்பார்கள். பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் என்று இதற்குப் பெயர். 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் எல்லோருக்கும் இரண்டு ஒயர் கருவியையே வைத்து, ஒரு பகுதியினருக்கு அதை ஒற்றை ஒயர் போல வேலை செய்ய வைத்தார்கள், அவர்களில் 26 சதவீதம் பேர் தாங்க முடியாமல் இரட்டைக்கு மாற்றிக்கொண்டார்கள். நிஜமாகவே ஒரே ஒயர் வைத்த ஆய்வுகளில் அப்படி மாறியவர்கள் மிகக் குறைவு. என் கணிப்பு என்னவென்றால், கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் சரியாகும் என்றால் தொந்தரவைச் சொல்வார்கள், மறுபடி ஆபரேஷன் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

அதனால் அப்பா நடமாடிக்கொண்டிருக்கிறார், மேல் அறையின் தாளம் ஒழுங்காக இருக்கிறது என்றால் நான் இரண்டு ஒயர் பக்கம்தான் நிற்பேன். மேல் அறை நிரந்தரமாகவே தாறுமாறாகத் துடிக்கிறது, அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நிலைத்துவிட்டது என்றால், அங்கே ஒயர் போட்டுப் பயனில்லை, ஒன்றே போதும்.

கேள்வி: அம்மாவுக்கு இரண்டு ஒயர் பேஸ்மேக்கர் வைத்து எட்டு வருஷம். கருவி நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் எக்கோ ஸ்கேனில் இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு 60 சதவீதத்திலிருந்து 40-க்கு இறங்கிவிட்டது. ஏன்?

பதில்: நீண்ட காலக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். வழக்கமாக ஒயரின் முனை வலது கீழ் அறையில் இருக்கும். இதயத்துக்கென்று இருக்கும் மின்பாதையில் போகாமல் துடிப்பு தசை வழியாக மெதுவாக ஊர்ந்து போகும், இடது பக்கச் சுவர் ஒரு கணம் தாமதமாகச் சுருங்கும். எல்லோருக்கும் இது கெடுதல் செய்யாது, ஆனால் சிலருக்கு வருஷக்கணக்கில் இப்படியே ஓடினால் இதயம் தளர்ந்துபோகிறது. செக்கப்பில் கருவியிலிருந்து எடுக்கும் அச்சுத்தாளில் கீழ் அறையை எத்தனை சதவீதம் கருவி துடிக்க வைத்தது என்று இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். 2 சதவீதம் என்றால் பழியை வேறெங்காவது தேட வேண்டும், 95 என்றால் சந்தேகம் கருவி மேல்தான். அப்போதும் ரத்தக்குழாய் அடைப்பு, வால்வு கோளாறு இல்லை என்று பார்த்துவிட வேண்டும்.

வழி இருக்கிறது. இடது பக்கத்துக்கு மூன்றாவது ஒயர் கொடுத்து இரு பக்கமும் சேர்ந்து சுருங்க வைக்கலாம். ஏற்கெனவே இதயம் ஓரளவு பலவீனமாக இருந்து, கருவியை அதிகம் நம்பியிருக்கப்போகிற 691 பேரிடம் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், வலது பக்கம் மட்டும் துடிக்க வைத்தவர்களைவிட இந்த முறைக்காரர்கள் நன்றாக இருந்தார்கள். இப்போது ஒயரை இதயத்தின் சொந்த மின்பாதையிலேயே, இடது கிளையருகே பதிக்கிற முறையும் பரவி வருகிறது. மாற்றி அமைத்தபின் பலருக்கு எக்கோ எண் மறுபடி ஏறுகிறது, அதனால் பேட்டரி தீரும்வரை காத்திருக்காமல் இப்போதே கேளுங்கள்.

கேள்வி: ஒயரே இல்லாத மாத்திரை அளவு பேஸ்மேக்கர் நல்லதா?

பதில்: சரியான ஆளுக்கு நல்லது. சுமார் 2 கிராம் எடை, தொடை ரத்தக்குழாய் வழியாக உள்ளே கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். வழக்கமான கருவிகளில் வருஷங்கள் கழித்து வரும் தொல்லைகளில் பெரும்பகுதி, மார்புத் தோலுக்கடியில் உள்ள பையில் கிருமி சேர்வதும் ஒயர் பழுதாவதும்தான். இதில் பையும் இல்லை, ஒயரும் இல்லை. அமெரிக்காவில் 2016-இல்தான் அனுமதி கிடைத்தது, ஆகவே இருபது வருஷக் கணக்கு யாரிடமும் இருக்க முடியாது. பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் பழையதை உள்ளேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதியதை வைக்கிறார்கள். எண்பது வயதில் அது கவலையில்லை. முப்பது வயதுக்காரர் என்றால், இன்னும் எத்தனை வைக்க இடம் இருக்கும் என்று டாக்டரிடம் முதலில் கேட்டுவிடுவேன்.