பிரிட்டனில் ஓட்டுநர் உரிமத்தில் விழுந்த தண்டப் புள்ளிகளை நீக்க முடியுமா?

வேகத்துக்காக 3 புள்ளிகள் வாங்கிவிட்டீர்கள், ஏதாவது வகுப்புக்குப் போய் அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. வேக விழிப்புணர்வு வகுப்பு, புள்ளி விழுவதற்கு முன் காவல்துறை தரும் மாற்று வழி மட்டுமே. வரம்பைச் சற்றே தாண்டியவர்களுக்கு, மூன்று ஆண்டுகளுக்குள் அதே வகுப்புக்குப் போயிராவிட்டால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த வாய்ப்பு வரும். அதை விட்டுவிட்டால் குறைந்தது 100 பவுண்டு அபராதமும் 3 புள்ளிகளும்தான்.

விழுந்த புள்ளி பெரும்பாலான குற்றங்களுக்கு 4 ஆண்டுகள் பதிவில் இருக்கும். குடித்துவிட்டு ஓட்டினால் 11 ஆண்டுகள். காலம் முடிந்ததும் தானாகவே மறைந்துவிடும், விண்ணப்பம் தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு நீக்கித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

ஆனால் உரிமம் பறிபோகுமா என்ற கணக்குக்கு 3 ஆண்டுகளே முக்கியம். அதற்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் பொதுவாகக் குறைந்தது 6 மாதத் தடை. "தடை விதித்தால் குடும்பமே தத்தளிக்கும்" என்று நீதிமன்றத்தில் வாதிடலாம். வழக்கமான சிரமம் போதாது, விதிவிலக்கான துன்பம் என்று நிரூபிக்க வேண்டும்.

புதிய ஓட்டுநர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தேர்ச்சி பெற்ற 2 ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே ரத்து. எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் மறுபடி எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுத்தாலே 6 புள்ளிகள் என்பது பலருக்கு மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரிகிறது.

காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் கடந்த 5 ஆண்டுகளில் விழுந்த புள்ளிகளைப் பற்றிக் கேட்கும். மறைக்காதீர்கள்.