மருத்துவமனை மென்பொருளுக்கு வழக்கமான சோதனை போதாதா?

போதாது. பட்டியலில் இருப்பதையெல்லாம் சோதித்துவிட்டோம் என்பதற்கும் நோயாளிக்கு ஆபத்தில்லை என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 முதல் 1987 வரை 6 பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது, சிலர் இறந்தே போனார்கள். பழகிய கை கொண்ட ஆபரேட்டர் தவறாக அடித்த சிகிச்சை முறையைச் சட்டென்று, 8 விநாடிக்குள் திருத்தினால் திரையில் திருத்தம் தெரியும், ஆனால் இயந்திரம் பழைய அமைப்பிலேயே பாதி நிற்கும். திரையில் வந்ததோ 'கோளாறு 54' என்ற வெறும் எண், அதையும் ஒரே விசையில் தாண்டிப் போய்விடலாம்! முந்தைய மாடலில் இருந்த வன்பொருள் தடுப்புகளை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி எடுத்துவிட்டிருந்தார்கள், எனக்கு இதுதான் மன்னிக்க முடியாத தவறாகப் படுகிறது.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, இது தவறினால் நோயாளிக்கு என்ன ஆகும்? மருத்துவ மென்பொருளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 62304-உம் இந்தக் கேள்வியை வைத்துத்தான் மென்பொருளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. உயிர்போகவோ கடுமையான காயம் ஏற்படவோ வாய்ப்பிருந்தால் சி.

அப்புறம் சோதனைக்கு நர்ஸ்களை உட்கார வையுங்கள். 0.5 மில்லிகிராமில் புள்ளி விழாமல் 5 ஆகிப்போனால் எச்சரிக்கிறதா, மருந்தைப் பதியும்போது நெட்வொர்க் அறுந்தால் அதே பதிவு இரண்டு தடவை ஏறுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், சின்ன மாற்றம்தானே என்று விடவே கூடாது.